கைநாட்டு அம்மாக்களும் கணக்குப் பாடமும்

ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தூரத்தில் இருந்துகொண்டு பாடம் சொல்லித்தர முடியாது என்பது இன்று ஏறத்தாழ எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்தாகிவிட்டது. ஆசிரியர் கூட்டம், தொலைக்காட்சி விவாதம், கல்வியாளர் நேர்காணல், திண்ணைப் பேச்சு, எங்கும் இதைக் கேட்கலாம். கூடவே ஒரு வாலும் ஒட்டியிருக்கும்: அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் அன்றாடங்காய்ச்சிகள், எழுத்து வாசனை இல்லாதவர்கள், அவர்களை நம்பிப் பாடத்தை வீட்டுக்கு அனுப்புவது வீண். ஆதாரம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "அதான் கொரோனாவுல பாத்தோமே."

இந்தக் கருத்து தவறு என்று வாதிடவே இதை எழுதுகிறேன். இதைச் சொல்கிறவர்களில் பலர் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அதனால் அவர்களோடு சண்டை எனக்கில்லை. கருத்தோடுதான் சண்டை. ஏனென்றால் அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. மழைக்குப் பள்ளி மூடினாலும், சூளை வேலைக்குக் குடும்பம் ஊரைவிட்டுப் போனாலும், பிள்ளை நோயில் படுத்தாலும் "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கிறது.

முதலில் கொரோனாவில் நாம் என்ன பார்த்தோம் என்பதைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை தனியார் பள்ளிகளில் யூகேஜிப் பிள்ளையைக் காலையிலேயே குளிப்பாட்டி, தலை சீவி, சீருடை மாட்டித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் மிஸ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடிக்கும்போது பாதி நேரம் போயிருக்கும். மீதி நேரத்தில் ஒரு பாட்டு, ஒரு பக்கம் எழுத்து. பிள்ளை எழுந்து ஓடினால் அம்மா இழுத்து வந்து உட்கார வைக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் வாட்ஸ்அப் குழு தொடங்கி வீடியோ இணைப்புகளை அனுப்பினார்கள். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புவாரியாக அட்டவணை போட்டுப் பாடம் ஒளிபரப்பினார்கள். பாடங்கள் பலவும் நன்றாகவே தயாரிக்கப்பட்டிருந்தன. எத்தனையோ ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய் மரத்தடியில் பிள்ளைகளைப் பார்த்தார்கள், கைக்காசு போட்டு நோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பிள்ளையோடு இருந்த பெரியவரிடம் யாராவது, "இன்று சாயங்காலம் பிள்ளையிடம் இதைக் கேளுங்கள், அவன் இப்படிச் சொன்னால் அதற்கடுத்து இதைச் செய்யுங்கள்" என்று சொன்னார்களா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. அம்மாவின் வேலை போனைக் கொடுப்பது, சார்ஜ் போடுவது, எழுதியதைப் படமெடுத்து அனுப்புவது. அந்தப் போனும் எல்லா வீட்டிலும் இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டு ஏசர் ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படிப் போன் இருந்த வீட்டுப் பிள்ளைகளிலும் 26.1 சதவீதம் பேருக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போனால் போனும் வேலைக்குப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

இத்தனைக்கும் எப்படிச் செய்ய வேண்டும் என்பது அப்போதே எழுத்தில் இருந்தது. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதலை எடுத்துப் பாருங்கள். மழலையர் வகுப்புக்கு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று அதில் இருக்கிறது. பத்திரிகைகள் அந்த 30 நிமிடத்தைத்தான் தலைப்பாகப் போட்டன. அந்த நேரம் யாருக்கு என்பதைப் பலர் கவனிக்கவில்லை: பெற்றோரிடம் பேசவும் அவர்களுக்கு வழிகாட்டவும். பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்கார வைப்பதற்காக அந்த நேரம் ஒதுக்கப்படவே இல்லை. நாம் அம்மாவிடம் பேச வேண்டிய அரை மணி நேரத்தில் பிள்ளையிடம் பேசினோம், அது பலிக்கவில்லை என்றதும் தொலைதூரக் கல்வியே சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று தீர்ப்பு எழுதினோம். வகுப்பறையை அப்படியே பெயர்த்துத் திரைக்குள் வைத்தால் சின்னப் பிள்ளை படிக்காது. கொரோனா காட்டியது இதை மட்டும்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தூரத்தில் இருந்து பாடம் நடத்துவது திறன்பேசி வந்த பிறகு முளைத்ததல்ல. அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1914இலேயே பள்ளி எட்டாத குடியேற்றக்காரர்களின் பிள்ளைகளுக்குத் தபாலில் பாடம் போனது. நியூசிலாந்தில் 1922இல் கலங்கரை விளக்கக் காவலர்களின் பிள்ளைகளுக்காகவும் ஒதுக்குப்புறக் குடும்பங்களுக்காகவும் ஒரே ஓர் ஆசிரியையை வைத்து அஞ்சல் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் அது பெரிய நிறுவனமாக நடக்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வானொலிப் பள்ளியின் கதை. ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலைநிலத்தில் ஆட்டுப் பண்ணைக்கும் மாட்டுப் பண்ணைக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. அங்கே நோயாளிகளைப் பார்க்கப் பறந்து போகும் மருத்துவர் சேவைக்கென்று பண்ணைகளில் இருவழி வானொலிக் கருவிகள் வைத்திருந்தார்கள். தொடக்க காலத்தில் காலால் மிதித்து மின்சாரம் எடுத்த கருவிகள் அவை. அதே கருவியில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லலாமே என்று யோசித்தவர் அடிலெய்ட் மீத்கே என்ற கல்வி அதிகாரி. 1951 ஜூனில் பள்ளி தொடங்கியது. அதன் எல்லை இன்று 13 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு.

அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வானொலியில் ஆசிரியர் குரல் ஒலித்தது நாளில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் முழுக்கப் பிள்ளையோடு உட்கார்ந்தவர் வீட்டில் இருந்த ஒருவர், பெரும்பாலும் அம்மா. அவரை வீட்டு ஆசிரியர் என்றே பள்ளி அழைத்தது, இன்றும் அழைக்கிறது. பாடத் தாள்கள் அவரிடம்தான் வந்தன. எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது அவருக்காக எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் பண்ணைக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். வருஷத்தில் சில வாரம் பிள்ளைகள் ஊருக்கு வந்து ஒன்றுகூடுவார்கள். வானொலி போய்ச் செயற்கைக்கோள் வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. தூரத்தில் இருப்பவருக்குப் பாடம் நடத்தும் பள்ளி முதலில் பாடம் நடத்துவது பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கு என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார்கள்.

"அது வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி வீட்டு அம்மா. நம்ம ஊர் அம்மாவும் அவங்களும் ஒண்ணா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே போட்ஸ்வானாவுக்குப் போவோம்.

தென் ஆப்பிரிக்காவை ஒட்டிய, மக்கள்தொகை குறைந்த நாடு. அங்கே 2020இல் பள்ளிகள் மூடுவதற்குச் சற்று முன்பாக ஒரு தன்னார்வ அமைப்பு தொடக்கப் பள்ளிகளில் இருந்து பெற்றோரின் போன் எண்களைச் சேகரித்துக்கொண்டது. சுமார் 4,500 குடும்பங்கள். ஸ்மார்ட்போன் எதிர்பார்க்கவில்லை, பொத்தான் போன் போதும். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இன்னொன்றுக்கு வாரம் ஒரு கணக்கு குறுஞ்செய்தியாகப் போனது. மூன்றாவதற்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஓர் அழைப்பு, 15 முதல் 20 நிமிடம். அழைப்பவர் முதலில் பெற்றோரிடம் பேசுவார், பிள்ளையைக் கூப்பிடச் சொல்வார், போனை ஒலிபெருக்கியில் போடச் சொல்வார். இருவரும் கேட்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். பிள்ளைக்குக் கூட்டல் வருகிறதா, கழித்தலில் நிற்கிறதா என்று பார்த்து, போகப் போகச் சில வீடுகளுக்குக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றினார்கள்.

குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான பலன் இல்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். செலவைக் கணக்கிட்டால், கற்றலை உயர்த்த உலகில் சோதித்துப் பார்த்த வழிகளிலேயே சிக்கனமானவற்றுள் ஒன்றாக அது இருந்தது. இந்த ஆய்வை நடத்திய நோம் ஆங்கிரிஸ்டும் அவரது சகாக்களும் 2022இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் என ஐந்து நாடுகளில் 16,000 பிள்ளைகளுக்கு மேல் வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். அங்கேயும் பலித்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களே அழைத்த இடங்களிலும் பலன் குறையவில்லை. என் மனதில் தங்கியது இன்னொரு செய்தி: தன் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பெற்றோர் முன்பைவிடச் சரியாகச் சொன்னார்கள். மார்க் சீட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பும் நம் பள்ளிகளில் எத்தனை வருஷம் படித்தாலும் பெற்றோருக்குக் கிடைக்காத அறிவு அது.

இனி எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. வாதத்தின் மையமே இவர்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஊரடங்கு நாட்களில் விழுப்புரம் பக்கத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, சாயங்காலங்களில் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போடுவார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. அப்படி ஓர் அழைப்பைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். மறுமுனையில் இருந்த அம்மா தள்ளுவண்டியில் தக்காளி, கத்திரிக்காய் விற்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை, ரேஷன் கடையில் கைநாட்டுதான்.

"தக்காளி எப்படிம்மா விக்கிறீங்க, கிலோவா?"

"இல்ல டீச்சர், கூறு போட்டுதான். கூறுக்கு ஆறு பழம்."

"பையன் இருக்கானா? ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவன நாலு கூறு வைக்கச் சொல்லுங்க. மொத்தம் எத்தினி பழம்னு நீங்களே கேளுங்க. நான் பேசமாட்டேன்."

பையன் ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு பழமாக எண்ணினான். இருபத்து நாலு என்றான். "இன்னொரு கூறு வைய்யி, இப்ப?" என்றார் அம்மா. அவன் மறுபடி முதல் பழத்தில் இருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், எண்ணுனதையே எதுக்குடா எண்ற? இருபத்தி நாலு இருக்குதில்ல? அதுக்கு மேல ஆறு வைய்யி." சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு "முப்பது" என்றான்.

அந்த அம்மா செய்தது என்ன என்று தொடக்கக் கல்வி தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றையும் முதலில் இருந்து எண்ணும் பிள்ளையை, கையில் இருக்கும் எண்ணில் இருந்து மேலே எண்ணப் பழக்குவது தொடக்கநிலைக் கணக்கின் முக்கியமான படி. அது வராத பிள்ளைக்கு வாய்ப்பாடு மனப்பாடமாக மட்டுமே நிற்கும். அந்தப் படியில் பையன் நிற்கிறான் என்பது முப்பது பேர் இருக்கும் வகுப்பில் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. இங்கே ஒரே அழைப்பில் ஆசிரியைக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. "நாளைக்கு ஏழு ஏழா கூறு போடச் சொல்லுங்கம்மா. முதல்ல இருந்து எண்ண விடாதீங்க" என்று சொல்லி ஆசிரியை போனை வைத்தார். இந்தப் பாடத்துக்கு எழுத்து எங்கே தேவைப்பட்டது?

கணக்குக்குச் சரி, வாசிப்புக்கு என்ன செய்வார் என்று கேட்பார்கள். எழுத்தைத் திருத்த அவரால் முடியாது, உண்மை. அதைப் போனில் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளை ஒரு பத்தியை வாசிக்கக் கேட்டாலே எங்கே தடுக்குகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆனால் பிள்ளை வாசிக்கும்போது எழுத்துக் கூட்டித் திணறுகிறதா, பொருள் புரிந்து வாசிக்கிறதா என்பது தமிழ் பேசும் எந்தக் காதுக்கும் தெரியும். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்க எழுத்து வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு. அம்மா தன் சின்ன வயதில் நடந்த ஏதாவது ஒன்றை நாலைந்து வாக்கியமாகச் சொல்வார், பிள்ளை எழுதும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டும். பிள்ளை எதையாவது விட்டாலும் மாற்றினாலும் "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் உடனே பிடித்துவிடுவார். அந்தப் பாடத்தில் அவரைவிடக் கண்டிப்பான பரிசோதகர் இருக்க முடியாது. அது அவருடைய கதை.

துருக்கியில் உளவியலாளர் சிதெம் காயிட்சிபாஷி 1982இல் இஸ்தான்புல் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தொடங்கிய வேலையும் இதைத்தான் காட்டியது. அந்தத் தாய்மார்கள் சராசரியாக ஐந்து வருஷம்தான் பள்ளி போனவர்கள். வாரந்தோறும் தாள்களும் விளையாட்டுகளும் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டன, அவர்கள் வீட்டில் பிள்ளைக்குச் செய்தார்கள். வருஷங்கள் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 86 சதவீதம் பேர் பள்ளியில் இருந்தார்கள்; பயிற்சி பெறாதவர்களின் பிள்ளைகளில் 67 சதவீதம். குடும்பத்துக்குள் அந்தப் பெண்களின் மதிப்பும் உயர்ந்திருந்தது.

நம் மாநிலத்திலேயே சான்று இல்லாமலா இருக்கிறது? 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்றை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் வெளியிட்டார்கள். ஊரடங்கில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் அது சொல்கிறது. இது தொலைதூரக் கல்வி அல்ல என்பது தெரியும். "வாத்தியார் அல்லாதவர் கையில் சின்னப் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும்" என்ற பயத்துக்குத்தான் இது பதில்.

பெற்றோருக்கு நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பாத்திரம் துலக்கும் பெண்ணிடம் இன்னொரு வேலையைத் தள்ளுவது அநியாயம். ஆனால் குடும்பத்தின் பங்கு என்ற பெயரில் இன்று நடப்பதைப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்து வரச் சொல்கிறார்கள். இரவு பத்து மணிக்கு அம்மா பசையோடு உட்கார்ந்திருக்கிறார். டைரியில் ஆங்கிலத்தில் ஏழு வரி. செய்யாவிட்டால் பிள்ளைக்குத் திட்டு. பெற்றோரின் நேரத்தை இப்படிப் பறிப்பதை யாரும் நேரமில்லை என்று சொல்லி எதிர்க்கவில்லை. நான் கேட்பது நாளுக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் வெங்காயம் உரிக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ நடக்கக்கூடிய பேச்சு. அம்மா, அம்மா என்றே எழுதுகிறேன். நடைமுறை அப்படி இருப்பதால்தான். அப்பா இருக்கிறார், ஆயா இருக்கிறார், ஏழாம் வகுப்பு அக்கா இருக்கிறாள். ஆசிரியர் அப்பாவின் பெயரைச் சொல்லி, "அவர்கிட்ட போனைக் குடுங்க" என்று கேட்டால் பல வீடுகளில் அவர் பேசுவார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. வீட்டிலேயே படிக்கலாம் என்று நீங்கள் சொன்னால், அரசு பள்ளிகளை மூடிவிடும், ஆசிரியர் பணியிடங்களைக் குறைத்துவிடும், செயலி விற்கும் கம்பெனிகள் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள் ஆசிரியர் இயக்கத் தோழர்கள். இந்தப் பயம் கற்பனை இல்லை. சின்னப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது நாடு முழுக்க நடக்கிறது. பள்ளி என்பது பாடம் மட்டும் இல்லை. மதிய உணவு, காலை உணவு, விளையாட்டு, சாதி பார்க்காமல் பக்கத்தில் உட்கார ஒரு பெஞ்சு. இதில் எதையும் போன் தராது. பள்ளி நடக்க வேண்டிய நாளில் பள்ளிதான் நடக்க வேண்டும், இதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

ஆனால் செயலி விற்கிறவர்களுக்கு வாசலைத் திறந்துவிடுவது யார்? ஆசிரியரின் வேலை வகுப்பறைச் சுவரோடு முடிகிறது, அதற்கு வெளியே எங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று நாமே அறிவித்தால், அந்த வெளியை வேறொருவர் வந்து பிடிப்பார். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள், கடன் வாங்கிக் கைக்கணினி வாங்கிக் கொடுத்த குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். நான் சொல்லும் முறையோ ஆசிரியர் இல்லாமல் நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 பிள்ளைகள், வாரம் ஓர் அழைப்பு, தலைக்கு 15 நிமிடம் என்றால் வாரத்துக்கு ஆறே கால் மணி நேரம். இதை ஆசிரியரின் சாயங்காலத்தில் இருந்து எடுக்கக் கூடாது, வேலை நேரமாகவே எண்ண வேண்டும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில் இது முடியவே முடியாது. ஆக, இதை உண்மையாகச் செய்ய நினைக்கும் அரசு ஆட்களைக் கூட்ட வேண்டியிருக்கும். சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கையாகவே எடுத்துப் போராடலாம்.

பெற்றோரைப் பள்ளிக்குள் கொண்டுவரும் சட்டம் கையில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கூட்டங்களில் பேசப்படுவது கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி. எல்லாம் தேவையானவைதான். இந்த மாதம் இரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் கழித்தலில் நிற்கிறார்கள், வீட்டில் அதற்கு என்ன செய்யலாம் என்பதும் அங்கே பேசப்பட்டால், தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பதோடு அந்த அம்மாக்களின் வேலை முடிந்துவிடாது.

இதற்கு இன்னொரு பெருந்தொற்று வரக் காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு மாவட்ட ஆட்சியர்கள் விடுமுறை விடும் ஒவ்வொரு நாளும் இது தேவை. 2023 டிசம்பரில் சென்னையும் அடுத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கியபோது தேவைப்பட்டது. எல்லோரையும்விட அதிகமாகத் தேவைப்படுவது, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு கிளம்பிப் போகும் பிள்ளைகளுக்கு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் வருஷா வருஷம் குடும்பங்கள் சட்டி பானையோடு லாரி ஏறுகின்றன. மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புகின்றன. அதற்குள் பள்ளி ஆண்டின் பிற்பாதி போயிருக்கும். போன இடத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, சேர்க்கவும் வேண்டும். சேர்க்காத பிள்ளை மண் பிசையும் இடத்தில்தான் இருக்கும், தம்பியைப் பார்த்துக்கொண்டு. அதற்கு இரண்டாம் வகுப்பில் வந்த வாசிப்பு மூன்றாம் வகுப்புக்குத் திரும்பும்போது இருக்காது.

அந்தப் பிள்ளையின் அப்பாவுடைய போன் எண், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது. விவரம் புதுப்பித்தபோது பள்ளியில் இருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லச் சொன்னார்கள். அதே எண்ணுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பாசிரியர் கூப்பிட வேண்டும். சூளையில் ஒரு தட்டுக்கு எத்தனை கல் அடுக்குகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்க வேண்டும். ஐந்து தட்டுக்கு எத்தனை என்று பிள்ளையிடம் அவரையே கேட்கச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது பையில் வைத்துக் கொடுத்த தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்கக் கேட்க வேண்டும். அடுத்த வியாழனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதற்கான நேரத்தை ஆசிரியரின் பாடவேளை அட்டவணையில் எழுதித் தருவதும், அவர் பேசும் போனுக்கு ரீசார்ஜ் செய்து தருவதும் பள்ளிக் கல்வித் துறையின் வேலை. வரும் சூளைப் பருவத்துக்குள் அதைச் செய்ய முடியும்.